குழாயை எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள்

சிறுநீர்ப்பைக்குள் சிறுநீரைத் தவிர வேறெந்தப் பொருள் தங்கினாலும் அதன் மேல் கல் படியத் தொடங்கும். அது நூலாக இருக்கலாம், கம்பியாக இருக்கலாம், வைத்தியர் நன்மை கருதி வைத்த குழாயாகவும் இருக்கலாம். உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சிறுநீரில் கரைந்துள்ள கல்சியமும் பொசுபேற்றும் ஒட்சலேற்றும் பையின் வழுவழுப்பான உட்சுவரில் எளிதில் ஒட்டுவதில்லை. ஓர் அந்நியப் பொருளின் மேற்பரப்புக் கிடைத்துவிட்டால் அங்கே பற்றிக்கொள்கின்றன. அத்துடன் கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டால், குறிப்பாகப் புரோட்டியஸ் என்னும் பற்றீரியா வந்துவிட்டால், அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கிச் சிறுநீரைக் காரமாக்கும். மக்னீசியம், அமோனியம், பொசுபேற்று மூன்றும் சேர்ந்த கல் சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும்.

மட்டக்களப்பு மாவட்டத்து அரச வைத்தியசாலைகளில், சத்திரசிகிச்சை வாட்டிலும் தியேட்டரிலும் தாதி உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சிறுநீர்ப் பாதையில் சிக்கிய பொருள்களை எடுக்கும் சத்திரசிகிச்சைகளில் பல ஆண்டுகள் உதவியாளராக நின்றிருக்கிறேன். வெளியில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும் ஏதோ விபரீதமான செய்தியைப் போலத்தான் பேசுகிறார்கள். நான் கண்டவரை, அந்தச் சத்திரசிகிச்சை எவ்வளவு கடினமாகும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே போன பொருள் என்ன என்பதைவிட, அது எவ்வளவு காலம் உள்ளே கிடந்தது என்பதுதான். அந்தக் காலத்தை நீட்டுவது சில வேளை நோயாளியின் வெட்கம். அதைவிட அதிகமான வேளைகளில், நாங்கள் அவருக்குச் சொல்லாமல் விட்ட விடயம்.

எங்கள் பகுதியில் சிறுநீரகக் கல் புதிய வருத்தமல்ல. வெயிலில் வயலுக்குள் நிற்பவர்கள், மேசன் வேலைக்குப் போகிறவர்கள், தோணியில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வியர்வையாக இழக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. கல் சிறுநீரகத்திலிருந்து இறங்கி, சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் சிறுநீர்க்கானில் அடைத்துக்கொண்டால் முதுகிலிருந்து அடிவயிறு வரை வரும் நோவைத் தாங்க முடியாது. அடைப்புடன் காய்ச்சலும் சேர்ந்தால் அது உயிராபத்து. அந்த நேரத்தில் வைத்தியர் டி.ஜே. ஸ்டென்ற் என்னும் மெல்லிய குழாயை வைப்பார். பெரும்பாலும் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பும் 24 அல்லது 26 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட இந்தக் குழாயின் இரண்டு முனைகளும் சுருண்டிருக்கும். மேல் முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ் முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் சுருண்டு பிடித்துக்கொள்வதால் அது மேலேயோ கீழேயோ நழுவாது. இரு முனையும் சுருண்ட இந்த வடிவம் 1978ஆம் ஆண்டில் மருத்துவ இதழ்களில் வெளிவந்தது. அதற்கு முன்னர் வைக்கப்பட்ட நேரான குழாய்கள் நழுவிவிடுவதே பெரும் தொல்லையாக இருந்தது. இந்தச் சிறு குழாய் எத்தனையோ பேரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் எழுதப்போவதை வாசித்துவிட்டு எவரும் ஸ்டென்ற் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

ஆனால் அது தற்காலிகமானது. கல்லை எடுத்த பின்னர் வைத்த குழாயைப் பொதுவாகச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ எடுத்துவிடுவார்கள். நீண்ட காலம் தேவைப்படுகிறவர்களுக்கும் வழக்கமான வகையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது குழாயின் தரத்தைப் பொறுத்து இன்னும் சற்றுத் தாமதித்து, மாற்றியாக வேண்டும். 1991இல் சவூதி அரேபியாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆறு வாரத்துக்குள் எடுக்கப்பட்ட குழாய்களில் நூற்றுக்கு 9.2 அளவில்தான் உப்புப் படிந்திருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்தவற்றில் அது 47.5 ஆகவும், அதற்குப் பின்னர் எடுத்தவற்றில் 76.3 ஆகவும் உயர்ந்திருந்தது. ஏற்கெனவே கல் உருவாகும் உடல்வாகு உள்ளவருக்குத்தான் பெரும்பாலும் இந்தக் குழாயே வைக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்கள் வியப்பளிப்பதில்லை.

அப்படியானால் குழாயை எடுப்பது ஏன் மறந்துபோகிறது? வாட்டில் டிக்கட் வெட்டும், அதாவது நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும், காலை நேரத்தை ஒருவர் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கட்டில் காலியாக வேண்டும். வெளியில் அடுத்த நோயாளி கதிரையில் காத்திருக்கிறார். டயக்னோசிஸ் காட்டில் (நோய் விபர அட்டையில்) ஆங்கிலத்தில் மூன்று வரிகள் எழுதப்படுகின்றன. அவற்றுள் ஒரு வரியின் நடுவில், சுருக்கெழுத்தில், குழாய் உள்ளே இருக்கிறது என்ற செய்தி இருக்கிறது. வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அந்தக் காட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மண்டூரில் இறங்கி, அங்கிருந்து வீடு போய்ச் சேர்கிறார். நோவு நின்றுவிட்டது. நோவு நின்றால் வருத்தம் மாறிவிட்டது என்றுதான் மனிதர் எவரும் நினைப்பார்கள். கிளினிக் திகதி வரும்போது வேளாண்மை வெட்டு நடக்கிறது, மெசின் அன்றைக்குத்தான் கிடைக்கும்; அடுத்த திகதியை எவரும் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை.

அப்படி ஒருவர் மூன்று போகம் கழித்து, சலத்தில் இரத்தம் போகிறது என்று வந்தார். எக்ஸ்றேயில் குழாயின் இரு முனையிலும் கோழிமுட்டை அளவு கல் தெரிந்தது. நான் கட்டிலருகே நின்று விளக்கியபோது அவர் கோபப்படவில்லை. "மகள், அது உள்ள கிடக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லல்ல. நோ நிண்டுபோச்சு, நானும் வேளாண்மை வெட்டப் போயிட்டன்" என்றார். அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். மயக்கம் முழுதாகத் தெளியாத ஒருவரிடம், இன்னும் ஐந்து அறிவுறுத்தல்களுக்கு நடுவில், வேகமாகச் சொல்லப்பட்டதைச் சொன்னதாகக் கணக்கிட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. விசா வந்துவிட்டது, முகவர் அவசரப்படுத்துகிறார், குழாய் எடுக்கும் திகதிக்கு முன்னரே விமானம். அங்கே போன பின்னர் இடுப்பு நோவையும் சலக் கடுப்பையும் வெயிலின் சூடு என்று நினைத்து, ஒப்பந்தம் முடியும் வரை பொறுத்துக்கொள்கிறார்கள். 2020இல் ஊரடங்கும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தபோது, வரவேண்டும் என்று அறிந்திருந்தவர்களாலேயே வர முடியவில்லை. வந்தவர்களுக்கும் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளைப் பல வைத்தியசாலைகள் பிற்போட வேண்டியிருந்தது. பையில் கிடந்த குழாய் அந்த நாட்களிலும் உப்பைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

நேரத்துக்கு வந்தவரிடமிருந்து இந்தக் குழாயை எடுப்பது சிறிய வேலை. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதையான சிறுநீர்வழியில் மரத்துப்போகச் செய்யும் களிம்பைச் செலுத்தி, சிஸ்டொஸ்கோப் என்னும் குழாய்க் கமெராவை உள்ளே விட்டு, சுருண்ட முனையைச் சிறு இடுக்கியால் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் அன்றே வீடு போகிறார்கள். உப்புப் படிந்துவிட்ட குழாய்க்கு இதே வழி பொருந்தாது. சிறுநீரகத்துக்குள் இருக்கும் சுருளில் கல் வளர்ந்திருக்கும்போது கீழிருந்து இழுப்பது, பெரிய முடிச்சுப் போட்ட நூலை ஊசிக் காதுவழியே இழுப்பதைப் போன்றது. குழாய் அறுந்து பாதி உள்ளே நின்றுவிடலாம். அதைவிட மோசமாக, சிறுநீர்க்கானே கிழிந்து குழாயோடு சேர்ந்து வந்துவிடலாம். அதனால்தான் அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் கையில் சிறிதளவு தடை தெரிந்தவுடனேயே நிறுத்திவிடுகிறார். அந்த நிறுத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மீது மதிப்புக் கூடியது. தியேட்டரில் எல்லோரும் காத்திருக்கையில், இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இடங்கொடாமல் கையை எடுப்பது எளிதான காரியமல்ல.

முறையான வழி நீளமானது. முதலில் எக்ஸ்றேயிலும் சி.ரி. ஸ்கானிலும் கல் எங்கே, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சலத்தைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, பொருத்தமான மருந்தால் தொற்றை அடக்க வேண்டும். தொற்று இருக்கும்போது கல்லை உடைத்தால் கிருமி இரத்தத்தில் பரவி ஒரே இரவில் உயிரைப் பறித்துவிடக்கூடும். சிறுநீரகம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஐசோடோப் ஸ்கான் மூலம் அறிய வேண்டும், ஏனெனில் சில வேளை காப்பாற்றுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. அதற்குப் பிறகு கீழிருந்து மேலாகப் போவார்கள். சிறுநீர்ப்பையில் உள்ள முனையின் கல்லை லேசராலோ அதிர்வுக் கருவியாலோ உடைத்து அகற்றுவது முதற்படி. பின்னர் சிறுநீர்க்கானுக்குள் யூரிற்றரோஸ்கோப் என்னும் மெல்லிய கமெராக் குழாயை நுழைத்து, குழாயை ஒட்டிப் படிந்ததை வழியெங்கும் உடைப்பார்கள். மேல் முனையில் பெரிய கல் இருந்தால் முதுகுப் பக்கமாகச் சிறு துளையிட்டு நேரே சிறுநீரகத்துக்குள் போவார்கள். ஒரே தடவையில் முடிந்தால் நல்லது; பலருக்கு இரண்டு மூன்று தடவைகள் தேவைப்படும். இடையில் மறுபடியும் புதிய ஸ்டென்ற் ஒன்றை வைக்க வேண்டிவரும்போது நோயாளியின் முகத்தில் தோன்றும் அச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றைத் திறந்து எடுப்பது இப்போது அரிதாகிவிட்டாலும் இல்லாமற் போகவில்லை. வேலை செய்யாத சிறுநீரகத்தைக் குழாயுடனேயே அகற்றிய சம்பவங்களும் உண்டு.

கருவிகளின் வரலாற்றையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1824இல் பாரிஸ் நகரில் சிவியால் என்ற சத்திரசிகிச்சையாளர் சிறுநீர்வழியாகவே கருவியைச் செலுத்திப் பைக்குள்ளிருந்த கல்லை உடைத்தார். அவர் கண்ணால் பார்க்காமல் கைத் தொடுகையை நம்பியே அதைச் செய்தார். 1870களின் இறுதியில் ஜேர்மனியரான மக்ஸ் நிற்சே ஒளியுடன் உள்ளே பார்க்கும் கருவியை உருவாக்கினார். சிவியாலுக்கு முன்னர் பையைக் கீறித் திறப்பதே பெரும்பாலானவர்களுக்கு இருந்த வழி. இன்று எங்கள் மாவட்டத்து ஏழை விவசாயிக்கு அந்தக் கருவி அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் இல்லாமல் கிடைக்கிறது. அப்படிக் கிடைக்கும் ஒன்றை, திகதி சொல்லப்படாத காரணத்தால் அவர் இழக்கக் கூடாது.

இதற்கு வேண்டியது விலையுயர்ந்த எதுவுமில்லை. ஒரு பதிவுக் கொப்பி போதும்: யாருக்கு, எந்தப் பக்கத்தில், எந்தத் திகதியில் குழாய் வைக்கப்பட்டது, எந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும், வீட்டில் தொலைபேசி எடுக்கக்கூடியவர் யார். நான் வேலை செய்த ஓரிடத்தில் அப்படி ஒரு கொப்பி இருந்தது, மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்த்து அழைப்பு எடுத்தார். தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் அந்தப் பகுதி மருத்துவமாதுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ செய்தி போனது. வேறோரிடத்தில் கொப்பி இருந்தும் எவருடைய பொறுப்பு என்று தீர்மானிக்கப்படாததால் பக்கங்கள் வெறுமையாகவே கிடந்தன. காட்டின் முகப்பில் தமிழில், அம்பாறைப் பக்கத்தில் சிங்களத்திலும், "உடலுக்குள் குழாய் உண்டு; இந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், அவரைக் கூட்டிப்போக வந்த மனைவியிடமோ மகனிடமோ சொல்லி, அவர்கள் வாயால் அதைத் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும்.

சலத்தை வெளியேற்றச் சிறுநீர்ப்பையில் நேராக வைக்கும் கத்தீற்றர் என்னும் குழாய் வேறொரு கதை. பாரிசவாதம் வந்து படுத்திருக்கும் முதியவர்களும், சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரஸ்டேற் சுரப்பி வீங்கிச் சலம் அடைபட்டவர்களும், போரிலோ விபத்திலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் இருப்பவர்களும் இதை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். சாதாரண லேற்றெக்ஸ் கத்தீற்றரைச் சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முழுச் சிலிக்கனால் ஆனது ஏறத்தாழ 12 வாரம் வரை தாங்கும். உணர்வில்லாதவருக்கு உள்ளே கல் வளர்வது நோவாகத் தெரியாது. குழாய் அடிக்கடி அடைபடுவதும், சலத்தில் கடும் நாற்றமும், காரணமில்லாத வியர்வையும் காய்ச்சலும்தான் அடையாளங்கள்.

கத்தீற்றரைப் பையில் நிறுத்திவைப்பது அதன் முனையிலுள்ள சிறு பலூன். அதற்குள் கிருமியழித்த தூய நீரைத்தான் நிரப்ப வேண்டும். சேலைன் நிரப்பினால் உப்புப் பளிங்காகி வழியை அடைத்துவிடக்கூடும். பலூன் வற்றாவிட்டால் கத்தீற்றர் வெளியே வராது. காத்தான்குடியிலிருந்து ஓர் இளைஞர், "மிஸ், உம்மாட பைப்ப கழட்ட ஏலாம இருக்கு" என்று பதறிக்கொண்டு தாயைக் கூட்டிவந்தார். அவர் நல்ல வேளையாக இழுத்துப் பார்க்கவில்லை, கத்தரிக்கவும் இல்லை. வீட்டில் கத்தரித்துவிட்டால் மிஞ்சிய துண்டு உள்ளே போய்விடும் ஆபத்து உண்டு. வைத்தியர் முதலில் வால்வை அகற்றிப் பார்த்தார், நீர் வரவில்லை. பிறகு பலூனுக்குப் போகும் நுண்வழியில் மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்பை நீக்கினார், பலூன் வற்றியது. அதுவும் சரிவராதிருந்தால் ஸ்கானில் பார்த்தபடி அடிவயிற்றின் வழியாக நுண்ணூசியால் பலூனைத் துளைத்திருப்பார்கள். நீரை மேலும் மேலும் ஏற்றிப் பலூனை வெடிக்கவைப்பது சரியான முறையல்ல. வெடித்த றப்பர்த் துண்டுகள் பையில் தங்கி, ஒவ்வொன்றும் ஒரு கல்லுக்குக் கருவாகிவிடும். எப்படி எடுத்தாலும், வெளியே வந்த பலூன் முழுமையாக இருக்கிறதா என்று விரித்துப் பார்க்காமல் அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் கருப்பைக்குள் வைக்கும் லூப் பற்றியும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். பத்தாண்டு வரை பயன் தரும் செப்பு லூப் மிகப் பாதுகாப்பான முறை; ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு அது கருப்பைச் சுவரைத் துளைத்து வெளியேறுவதுண்டு. பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் காலத்தில் வைப்பவர்களுக்கு அந்த வாய்ப்புச் சற்றுக் கூடுதல். வெளியேறிய லூப் மெல்ல மெல்ல அருகிலுள்ள சிறுநீர்ப்பைக்குள் நுழைந்துவிடலாம். லூப்பின் நூல் தட்டுப்படவில்லை என்றவுடன் "அது விழுந்திருக்கும்" என்று முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. விழுந்ததைக் கண்ணால் கண்டவர் தவிர வேறெவரும் அப்படி முடிவு செய்யக் கூடாது. ஸ்கானில் கருப்பைக்குள் லூப் தெரியாவிட்டால் அடிவயிற்றுக்கு ஓர் எக்ஸ்றே எடுக்க வேண்டும். செப்பு அதில் தெளிவாகத் தெரியும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் முதலில் சலச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்து குடித்தும் திரும்பத் திரும்பச் சலக் கடுப்பு வருகிற ஒரு பெண்ணிடம், முன்னர் எப்போதாவது லூப் வைத்தீர்களா என்று கேட்காமல் விட்டதால் ஆண்டுக்கணக்கில் அன்ரிபயோற்றிக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பகுதி பைக்குள் இருந்தால் சிஸ்டொஸ்கோப்பினாலேயே எடுத்துவிடலாம். பாதி சுவருக்குள் புதைந்திருந்தால், வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமெராவுடன் செய்யும் லப்பரொஸ்கோப்பி தேவைப்படும்.

இனி, பலரும் பேசத் தயங்குகிற பகுதி. சிறுநீர்வழியில் தாமாகவே ஏதேனும் பொருளைச் செலுத்தி, அது உள்ளே போய்விட்டதால் வருகிறவர்கள் உலகில் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். வயர்த் துண்டு, பேனைக் குச்சி, ஈர்க்கு, கூந்தல் ஊசி என்று மருத்துவ நூல்களில் பதிவானவற்றுக்கு அளவில்லை. காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பாலின்பத்துக்காகச் செய்தவர் இருப்பார். தாங்க முடியாத அரிப்புக்காகச் செய்தவர் இருப்பார். சலம் அடைபட்டு, இரவில் வாகனமில்லாமல், அடைப்பைத் தானே திறக்கலாம் என்று நினைத்த முதியவரும் இருப்பார். மனநோயின் துன்பத்தில் செய்தவரும் உண்டு. பெண்களின் சிறுநீர்வழி நான்கு சென்ரிமீற்றர்தான். ஆண்களுக்கு அது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமும் வளைவும் கொண்டது. அந்த வளைவைத் தாண்டிய பொருள் திரும்பி வருவதில்லை. தசையின் அசைவு அதைப் பையை நோக்கியே கொண்டுபோகும்.

இவர்கள் வைத்தியசாலைக்கு வரும்போது "சலம் போகுதில்ல", "அடிவயிறு நோகுது" என்று மட்டுமே சொல்கிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் மேசையைச் சுற்றி நான்கு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் அடுத்த தெருக்காரர். அங்கே உண்மையைச் சொல்லும் துணிவு எவருக்கு வரும்? நாட்கள் கழிந்து, சீழும் காய்ச்சலும் வந்த பின்னர்தான் எக்ஸ்றே உண்மையைச் சொல்கிறது. இதில் முதற்கடமை எங்களுடையது. திரையை இழுத்துவிட்டு, துணைக்கு வந்தவரை வெளியே நிற்கச் சொல்லி, "ஏதும் உள்ள போயிட்டுதா தம்பி? சொன்னா எடுக்கிறது லேசு" என்று சாதாரணக் குரலில் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஒருவரின் எக்ஸ்றே படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரித்த சம்பவம் ஒன்றை நான் அறிவேன். நோயாளியின் பெயர் அதன் ஓரத்தில் தெரிந்தது. அதைச் செய்தவர்கள் அதற்குப் பின்னர் வரவிருந்த எத்தனை பேரை வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

சத்திரசிகிச்சையின் நோக்கம் இங்கே இரண்டு: பொருளை முழுமையாக எடுப்பது, எடுக்கும்போது சிறுநீர்வழியையும் ஆண்மையையும் காப்பது. உலோகமும் கண்ணாடியும் எக்ஸ்றேயில் தெரியும். மரக்குச்சியும் பல பிளாஸ்ரிக்கும் தெரியாது, அவற்றுக்கு ஸ்கான் வேண்டும். வெளிமுனைக்கு அருகே வழுவழுப்பான பொருள் இருந்தால் களிம்பு செலுத்திக் கையாலேயே எடுக்க முடிவதுண்டு. கூர்மையானதை அப்படித் தொடக் கூடாது. உட்பகுதியில் சிக்கியதைச் சில வேளை பைக்குள் மெல்லத் தள்ளிவிட்டு, அங்கே இடவசதியில் திருப்பிப் பிடித்து எடுப்பது பாதுகாப்பாக இருக்கும். நீளமான வயர் பைக்குள் சுருண்டு தானே முடிச்சிட்டுக்கொள்ளும். வெளியே தெரியும் முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும், வழி கிழியும். அதனால் உள்ளேயே துண்டுகளாக வெட்டி எடுக்கிறார்கள், முடியாவிட்டால் அடிவயிற்றில் சிறு துளையிட்டோ பையைத் திறந்தோ எடுக்கிறார்கள். திறந்து எடுப்பதைத் தோல்வியாகக் கருதும் இளம் வைத்தியர்களைக் கண்டிருக்கிறேன். மூன்று சென்ரிமீற்றர்க் கீறல் சில வாரத்தில் ஆறிவிடும், கிழிந்த சிறுநீர்வழியின் சுருக்கம் வாழ்நாள் முழுதும் தொடரும். விளையாட்டுக் காந்த மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதோடு உலோக இடுக்கியிலும் ஒட்டிக்கொள்வதால் தனிச் சிரமம் தருபவை. பட்டன் பற்றரி மட்டும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாதது, ஏனெனில் அது திசுவை எரித்துவிடும்.

மனநல வைத்தியரைச் சந்திக்கச் சொல்வது பற்றி இரு கருத்துகள் உண்டு. எல்லோரையும் கட்டாயமாக அனுப்புவது தண்டனையாகவே உணரப்படும் என்று நினைக்கிறேன். உதவி தேவைப்படுகிறதா என்று தனியே கேட்டு, வேண்டும் என்பவருக்கும், தனக்குத் தீங்கு செய்யும் எண்ணம் தெரிகிறவருக்கும் வழிகாட்டுவதே சரி.

போர்க்காலத்து ஷெல் துண்டுகளை உடலில் சுமந்து வாழ்பவர்கள் எங்கள் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். இடுப்புப் பகுதியில் தங்கிய துண்டு பல ஆண்டுகளுக்குப் பின்னர் நகர்ந்து சிறுநீர்ப்பைக்குள் வந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. அப்படிப்பட்டவர்களுக்குச் சலத்தில் இரத்தம் கண்டால் பழைய காயத்தையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னர் அதைச் சொல்வது இன்னும் முக்கியம், இரும்புத் துண்டு காந்தப் புலத்தில் அசையக்கூடும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் எடுத்த பின்னர் சில காலம் கவனிப்புத் தேவை. ஓரிரு நாட்களுக்குச் சலம் கடுப்பதும் சற்றுச் சிவந்து போவதும் இயல்பு. தண்ணீர் நிறையக் குடித்தால் குறைந்துவிடும். நடுக்கத்துடன் காய்ச்சல், கட்டியாக இரத்தம், சலம் முற்றாக நின்றுபோதல் ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்றே திரும்பி வர வேண்டும். சிறுநீர்வழியின் சுருக்கம் மாதங்கள் கழித்தும் தோன்றக்கூடும். சலம் மெல்லிய நூலாகப் போகிறது, இரண்டாகப் பிரிந்து போகிறது, முக்கி இருக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால், கிளினிக் கொப்பியையும் பழைய டயக்னோசிஸ் காட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காட்டுத் தொலைந்திருந்தாலும் வாருங்கள், வைத்தியசாலையில் பழைய பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.